ஹெபடைட்டிஸ் சி சிகிச்சையின்போது காய்ச்சல், சளி, புண் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரல் நோய்ப் பிரிவில் மாத்திரை கொடுக்கும் மருந்தாளுநர் நான். ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கு சோபோஸ்புவிர், டக்ளடாஸ்விர், வெல்படாஸ்விர் என்று மாத்திரைகளை எண்ணிக் கொடுக்கும்போது பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சந்தேகம் வருவது பிறகுதான். நடுவில் ஒரு காய்ச்சல் வரும், பல்வலி வரும், உடனே போன் வரும். சிலர் போன் செய்யாமல் தாங்களே ஒரு முடிவெடுத்துவிடுவார்கள். அந்த முடிவு தப்பாகப் போய், 12 வார சிகிச்சை வீணானதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று இல்லை. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும்.

இந்த மாத்திரை சாப்பிட்டா நோய் எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

இப்போது கொடுக்கும் மாத்திரைகளுக்கு அது பொருந்தாது. சோபோஸ்புவிர், டக்ளடாஸ்விர், வெல்படாஸ்விர் மூன்றும் சி வைரஸ் பெருகுவதற்குத் தேவையான புரதங்களை நேரடியாகத் தடுப்பவை. உங்கள் வெள்ளை அணுக்களை அவை தொடுவதில்லை. இந்த மூன்று மாதத்தில் சளி பிடித்தால், அது மாத்திரையால் வந்த சளி இல்லை.

இந்தப் பயத்துக்குக் காரணம் பழைய சிகிச்சை. முன்பு வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசியும் தினமும் ரிபாவிரின் மாத்திரையும் 24 வாரம் அல்லது 48 வாரம் கொடுத்தார்கள். அந்த ஊசி வெள்ளை அணுக்களைக் குறைக்கும், ஊசி போட்ட அன்றே காய்ச்சலும் உடம்புவலியும் வரும். அதை அனுபவித்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை, ஆனால் அது வேறு மருந்து.

பேரெல்லாம் வாயில நுழையல. எந்த மாத்திரை சாப்பிடறேன்னு தெரிஞ்சே ஆகணுமா?

ஆமாம், கட்டாயம். மனப்பாடம் செய்ய வேண்டாம். மாத்திரை டப்பாவை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே மூன்று விவரம் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்: சிகிச்சை தொடங்கிய தேதி, ஈரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், இருக்கிறதா இல்லையா, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட்டும் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) ஹீமோகுளோபினும் எவ்வளவு.

கீழே வரும் பதில்களில் பாதி, உங்களிடம் டக்ளடாஸ்விர் இருக்கிறதா வெல்படாஸ்விர் இருக்கிறதா என்பதைப் பொறுத்து மாறும். தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கியது. அதில் இலவசமாக மாத்திரை வாங்குகிறவர்களில் சிரோசிஸ் இல்லாதவர்களுக்குப் பொதுவாக சோபோஸ்புவிர் 400 மி.கி. உடன் டக்ளடாஸ்விர் 60 மி.கி. சிரோசிஸ் உள்ளவர்களுக்கு சோபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும் சேர்ந்த ஒரே மாத்திரை. ஈரல் மிகவும் தளர்ந்தவர்களுக்கு ரிபாவிரினும் சேரும்.

சாதாரணக் காய்ச்சல், உடம்பு வலி. என்ன போடலாம்?

பாரசிட்டமால். ஈரல் நோய் என்றாலே அதைத் தொடக் கூடாது என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. சிரோசிஸ் இருந்தால்கூட ஒரு நாளைக்கு 2 கிராம் வரை, சில நாட்களுக்கு, பாதுகாப்பானது. 650 மி.கி. மாத்திரை என்றால் ஒரு நாளைக்கு மூன்றோடு நிறுத்த வேண்டும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறு மணி நேரமாவது இருக்கட்டும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். மது குடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கே செல்லாது.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நிமெசுலைடு இவற்றை மெடிக்கல் ஷாப்பில் 'உடம்புவலிக்கு நல்லா கேக்கும்' என்று கொடுப்பார்கள். சிரோசிஸ் உள்ளவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. சிறுநீரகம் கெடும், வயிற்றில் நீர் கூடும், உணவுக்குழாய் ரத்தநாளம் வெடித்து ரத்த வாந்தி வரலாம். சிரோசிஸ் இல்லாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம்.

காய்ச்சல் அடிக்கும்போது ஈரல் மாத்திரையை ரெண்டு நாள் நிறுத்தட்டுமா? உடம்பு தாங்காதுல்ல?

நிறுத்தாதீர்கள். என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். காய்ச்சலும் சி கிருமியும் தனித்தனி விஷயம். காய்ச்சலுக்காக மாத்திரையை விட்டால் காய்ச்சல் குறையாது, அந்த இடைவெளியில் வைரஸ் மறுபடி தலைதூக்க வழி கிடைக்கும்.

'ரெண்டு மாத்திரை சேர்ந்தா சூடு' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் அக்கறையில் குறை இல்லை. ஆனால் நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் சிகிச்சை தரும் மருத்துவர் மட்டும்தான். ஏற்கெனவே சில நாள் விட்டுவிட்டீர்கள் என்றால் மறைக்காதீர்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதிக்கொண்டு வாருங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். அந்த நாள் கணக்கு தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று சொல்ல முடியும்.

மாத்திரை போட்ட அரை மணி நேரத்துல வாந்தி எடுத்துட்டேன். மறுபடி போடணுமா?

போட வேண்டும். சோபோஸ்புவிர் தனி மாத்திரையாக இருந்தால் 2 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தாலும், வெல்படாஸ்விரோடு சேர்ந்த மாத்திரை என்றால் 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தாலும், இன்னொன்று போடுங்கள். அதற்குப் பிறகு வாந்தி வந்தால் தேவையில்லை. ஒரு மாத்திரை குறைந்துவிடுமே என்று யோசிக்காதீர்கள், சொன்னால் தருவோம்.

காய்ச்சல் மயக்கத்தில் ஒரு வேளை மறந்துபோனால், வழக்கமான நேரத்திலிருந்து 18 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உடனே போடுங்கள். அதற்கும் மேலே போய்விட்டால் அடுத்த நாள் வழக்கமான நேரத்தில் ஒன்றே ஒன்று. இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

ஆன்டிபயாட்டிக் எல்லாமே ஈரலைக் கெடுக்கும்னு சொல்றாங்க. தொண்டைப் புண், பல் வீக்கம்னா என்ன பண்றது?

முதலில், சளிக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் தேவையே இல்லை. தேவைப்படும்போது, அமாக்சிசிலின், அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின், செஃப்ட்ரியாக்சோன் போன்ற பொதுவான மருந்துகள் சி கிருமி மாத்திரைகளோடு சிக்கல் செய்வதில்லை. அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மாத்திரை சிலருக்கு மஞ்சள் காமாலையை உண்டாக்கும், சில வாரம் கழித்துக்கூட. அதனால் அதை எழுதும் மருத்துவருக்கு உங்கள் ஈரல் நிலை தெரிந்திருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய பெயர் கிளாரித்ரோமைசின். டக்ளடாஸ்விர் உடம்பிலிருந்து வெளியேறும் வழியை அது அடைத்துவிடும், அளவு ஏறும். அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் டக்ளடாஸ்விரை 60-லிருந்து 30 மி.கி. ஆகக் குறைப்பார்கள். அந்த முடிவு உங்களுடையது அல்ல. அசித்ரோமைசின் போதும் என்ற இடத்தில் அதையே கேட்டு வாங்கலாம்.

எனக்கு டிபி இருக்குன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். டிபி சிகிச்சையின் முதுகெலும்பு ரிஃபாம்பிசின், சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் மருந்து. அது உடம்பின் மருந்தை வெளியேற்றும் இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட விடும். ரிஃபாம்பிசின் ஓடும்போது ரத்தத்தில் டக்ளடாஸ்விரின் அளவு சுமார் 79 சதவீதமும், வெல்படாஸ்விர் 82 சதவீதமும், சோபோஸ்புவிர் 72 சதவீதமும் குறைகிறது. அதாவது நீங்கள் தினமும் தவறாமல் போடுவீர்கள், உள்ளே ஐந்தில் ஒரு பங்குதான் வேலை செய்யும். கிருமி சாகாது, மாத்திரைக்குப் பழகிப்போகும் ஆபத்தும் உண்டு.

பொதுவாக டிபியை முதலில் முடிப்பார்கள். டிபி மற்றவர்களுக்கும் பரவும், மாதக் கணக்கில் உயிருக்கே ஆபத்தாகும். சி கிருமி வருடக் கணக்கில் மெதுவாக ஈரலைத் தின்னும் நோய், ஆறு மாதம் காத்திருக்கலாம். டிபி மருந்துகளில் ஐசோநியாசிட், பைரசினமைடு, ரிஃபாம்பிசின் மூன்றுமே ஈரலைத் தாக்கக்கூடியவை என்பதால் இந்தக் காலத்தில் ஈரல் பரிசோதனையை அடிக்கடி செய்வார்கள். சி மாத்திரை பாதியில் இருக்கும்போது டிபி தெரிந்தால் எதை முதலில், எதை எப்போது என்று டிபி மருத்துவரும் ஈரல் மருத்துவரும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். இரண்டு வார்டுக்கும் நடுவில் நீங்கள்தான் தபால்காரர். சீட்டை இரண்டு பக்கமும் காட்டுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் சி மாத்திரை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இந்தச் சங்கடமே வராது.

தொடை இடுக்குல படர்தாமரை. மெடிக்கல்ல ஒரு மாத்திரை கொடுத்தாங்க, போட்டுக்கலாமா?

அந்த மாத்திரை பெரும்பாலும் ஐட்ரகோனசோல். கிளாரித்ரோமைசினுக்கு மேலே சொன்னதுதான் இதற்கும், டக்ளடாஸ்விர் அளவை ஏற்றும். ஐட்ரகோனசோலும் சரி, டெர்பினாஃபின் மாத்திரையும் சரி, ஈரலையும் பாதிக்கக்கூடியவை. களிம்பு போதுமா என்று தோல் மருத்துவரைக் கேளுங்கள், பெரும்பாலும் இந்த மூன்று மாதத்தைக் களிம்பிலேயே ஓட்டிவிடலாம். மெடிக்கலில் விற்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு மட்டும் வேண்டாம், அரிப்பு அடங்கிய மாதிரி தெரியும், பூஞ்சை பரவும்.

பக்கத்துக் கிளினிக்ல ஒரு ஊசி போட்டாத்தான் எனக்குக் காய்ச்சல் விடும். போட்டுக்கட்டுமா?

ஊசியில் என்ன மருந்து என்று கேளுங்கள். காய்ச்சலுக்கும் வலிக்கும் இடுப்பில் போடுவது பல இடங்களில் டைக்ளோஃபெனாக், அது ஏன் கூடாது என்று மேலே பார்த்தோம். ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் சிறுநீரகத்தைத் தாக்கும். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கும்வரை தவிர்க்கிறார்கள். பிளேட்லெட் குறைவாக இருந்தால் தசையில் போட்ட இடத்தில் ரத்தம் கட்டும்.

நம் ஊரில் பலருக்குச் சி கிருமி வந்த வழியே சுத்தமில்லாத ஊசிதான். சிகிச்சை முடிந்து குணமானாலும் மறுபடி தொற்றாது என்ற பாதுகாப்பு கிடையாது. புது ஊசியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டெங்குன்னு சந்தேகப்படறாங்க. எனக்கு ஏற்கெனவே பிளேட்லெட் கம்மி. பயமா இருக்கு.

பயப்படுவது புரிகிறது. சிரோசிஸில் மண்ணீரல் வீங்கி பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ச்சல் இல்லாத நாளிலேயே 70,000 அல்லது 80,000 இருப்பவர்கள் உண்டு. காய்ச்சல் வார்டில் இருக்கும் மருத்துவருக்கு அது தெரியாது. டெங்குவால் சரிந்த எண்ணா, உங்கள் வழக்கமான எண்ணா என்பதைப் பழைய ரிப்போர்ட்தான் சொல்லும். பர்ஸில் சீட்டு வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

டெங்குவில் ஈரல் நொதிகளும் ஏறும். 'சி மாத்திரை வேலை செய்யல, ஈரல் கெட்டுப்போச்சு' என்று அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். டெங்கு இறங்கினால் அதுவும் இறங்கும். இந்தக் காலத்தில் பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை, ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். வெள்ளத்தில் நடந்த பிறகு காய்ச்சலோடு கண் மஞ்சளானால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். உடம்பில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புத் தழும்பு இருந்தால் ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம். இரண்டுக்கும் டாக்சிசைக்ளின் வேலை செய்யும், சி மாத்திரையோடு சேர்த்தே கொடுக்கலாம். ஆனால் பரிசோதனை முதலில்.

எனக்கு சிரோசிஸ், வயித்துல தண்ணி இருக்கு. லேசாத்தான் காய்ச்சல். நாளைக்குப் பாத்துக்கலாமா?

கூடாது. இன்றே, இரவானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிற்றில் தேங்கிய நீரில் தானாகவே கிருமி வளரும். அப்போது காய்ச்சல் பெரிதாக அடிக்காது. சிலருக்குக் காய்ச்சலே இருக்காது. லேசான வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, பேச்சில் தடுமாற்றம், பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, சிறுநீர் குறைவது, இவ்வளவுதான் அடையாளம். வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள், அதனால் இந்தப் பதிலை அவர்களிடமும் படித்துக் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்து வெள்ளை அணுக்களை எண்ணுவார்கள். ஒரு கன மில்லிமீட்டரில் 250 அல்லது அதற்கு மேல் நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளை அணு) இருந்தால் தொற்று உறுதி. நரம்பு வழியாக செஃபோடாக்சிம் அல்லது செஃப்ட்ரியாக்சோன் கொடுப்பார்கள். சிறுநீரகத்தைக் காக்க அல்புமின் என்ற புரதமும் ஏற்றுவார்கள். 'தண்ணி எடுத்தா திரும்பத் திரும்ப எடுக்கணும்' என்று சொல்லி சிலர் இந்தப் பரிசோதனைக்கு மறுத்துவிடுகிறார்கள். அது உயிரைக் காப்பாற்றும் பரிசோதனை, மறுக்காதீர்கள்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒன்று. சிரோசிஸ் இருக்கும்போது கடல் நீரில் விப்ரியோ இனக் கிருமி ஒன்று புண் வழியாகவும், சரியாக வேகாத சிப்பி, நண்டு வழியாகவும் உள்ளே போய் ஒரே நாளில் ரத்தத்தில் பரவிவிடும். காலில் புண்ணோடு கடலில் இறங்காதீர்கள். நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

நிலவேம்புக் கசாயம், கீழாநெல்லி குடிக்கலாமா?

கீழாநெல்லிக்கு ஒரு வரலாறு உண்டு. 1988-ல் சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று அது ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் குறைப்பதாகச் சொல்லி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அதுவும் பி கிருமி, உங்களுக்கு இருப்பது சி. 12 வாரத்தில் 95 சதவீதத்துக்கு மேல் குணம் தரும் மாத்திரை கையில் இருக்கும்போது, அதோடு எப்படிச் சேரும் என்று சோதிக்கப்படாத எதையும் கலக்க வேண்டாம் என்பதே என் கருத்து. சீந்தில் கொடிப் பொடி வேண்டவே வேண்டாம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று அதைச் சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்டவர்களை 2021-ல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆன்டிபயாட்டிக்கோட கேஸ் மாத்திரையும் எழுதிட்டாங்க. அது பரவாயில்லையா?

வெல்படாஸ்விர் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். பேன்டோப்ரசோல், ஒமேப்ரசோல் அந்த அமிலத்தை அடக்கிவிடும். முடிந்தால் விட்டுவிடுங்கள். தவிர்க்க முடியாது என்றால் மருத்துவர் ஒப்புதலோடு வெல்படாஸ்விரைச் சாப்பாட்டோடு போட்டு, 4 மணி நேரம் கழித்து ஒமேப்ரசோல் 20 மி.கி., அதற்கு மேல் வேண்டாம். வயிற்றெரிச்சலுக்கான ஜெல் டானிக்குக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

சி மாத்திரை சாப்பிடும்போது திடீர்னு கண்ணு மஞ்சளாச்சு. மாத்திரை ஒத்துக்கலையா?

உடனே வாருங்கள், முதலில் பார்க்க வேண்டியது பி கிருமி. ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம். சி அடங்கியதும், ஒதுங்கிக் கிடந்த பி விழித்துக்கொள்ளும். 2016 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இப்படி நடந்த 24 பேரைக் குறிப்பிட்டு, அவர்களில் 2 பேர் இறந்ததையும் சொல்லி, இந்த மாத்திரைகள் எல்லாவற்றிலும் கடும் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. அதனால்தான் தொடங்கும் முன்பே பி பரிசோதனை கேட்கிறோம். செய்யாமல் தொடங்கியிருந்தால் இப்போதாவது செய்துவிடுங்கள். பி இருந்தால் அதற்குத் தனி மாத்திரை உண்டு.

ரிபாவிரின் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அது சிவப்பணுக்களை உடைக்கும். கண் லேசாக மஞ்சளாகும், படி ஏறினால் மூச்சு வாங்கும். இதை நெஞ்சுச்சளி என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் போட்டவர்கள் உண்டு. ஹீமோகுளோபின் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஹெச்.ஐ.வி. மாத்திரையும் சாப்பிடறேன். சொல்லவே கூச்சமா இருக்கு.

மருந்து கொடுப்பவரிடம் தனியாகச் சொல்லுங்கள், அது அங்கேயே இருக்கும். டொலுடெக்ராவிர் உள்ள மாத்திரை என்றால் சிக்கல் இல்லை. எஃபாவிரென்ஸ் என்றால் வெல்படாஸ்விர் கூடாது, டக்ளடாஸ்விரை 90 மி.கி. ஆக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்த மாற்றம் நடக்காது.

சிகிச்சை நடக்கும்போது தடுப்பூசி போடலாமா?

போடலாம். முதல் கேள்வியில் சொன்னதுபோல் இந்த மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதில்லை. பி தடுப்பூசி (0, 1, 6 மாதம்), ஏ தடுப்பூசி, ஃபுளூ, நிமோனியா தடுப்பூசி எல்லாம் ஈரல் நோயாளிகளுக்கு நல்லது. சி-க்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை.

வேற காரணத்துக்காக ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. அங்க இந்த மாத்திரை இல்லையாம்.

உங்கள் டப்பாவை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள், பணியில் இருக்கும் மருத்துவர் கையில் கொடுங்கள். அவர் கேஸ் ஷீட்டில் எழுதினால்தான் செவிலியர் தினமும் தருவார். இதயத் துடிப்பைச் சீராக்க அமியோடரோன் கொடுக்க வேண்டி வந்தால் சோபோஸ்புவிர் ஓடுவதை உரக்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையும். வலிப்புக்கு ஃபெனிடோயின், கார்பமாஸெபைன் தொடங்கினாலும் அப்படியே, அவை ரிஃபாம்பிசின் மாதிரி நம் மாத்திரையைத் துடைத்து வெளியேற்றிவிடும்.

எனக்குக் காய்ச்சல், சளின்னா குழந்தைகளுக்குச் சி ஒட்டிக்குமா?

ஒட்டாது. சளி ஒட்டலாம், சி ஒட்டாது. தட்டு, டம்ளர், இருமல், கட்டிப்பிடித்தல் எதிலும் பரவாது. ரத்தம் படும் பொருள்கள் மட்டும் தனி: ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. புண்ணை மூடி வையுங்கள்.

மாத்திரை முடிஞ்சு ஒரு மாசத்துல காய்ச்சல் வந்துச்சு. கிருமி திரும்பிடுச்சா?

காய்ச்சலை வைத்துச் சொல்ல முடியாது, சி கிருமி திரும்பினால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. கடைசி மாத்திரை போட்ட நாளிலிருந்து 12 வாரம் கழித்து வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று, பாருங்கள். அதில் கிருமி இல்லை என்றால் குணமாகிவிட்டீர்கள். ஆன்டிபாடி பரிசோதனை, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கிய புரதத்தைப் பார்ப்பது, வாழ்நாள் முழுக்கப் பாசிட்டிவ் என்றே காட்டும். அதைப் பார்த்து வெளியூர் லேபில் யாராவது பயமுறுத்தினால் வைரல் லோடு ரிப்போர்ட்டைக் காட்டுங்கள், அதைப் பத்திரமாக வைத்திருங்கள். சிரோசிஸ் இருந்தவர்கள் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வர வேண்டும். அவர்களுக்கு வயிற்று நீரும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், கிருமி போன பிறகும், மேலே சொன்ன அதே அவசரம்தான்.